பிரேக் மிதித்தால் உதறும் ஸ்டீயரிங்: டிஸ்க்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வரும்போது நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். “பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, புதிது போடுங்கள்.” இங்கிலாந்தில் இந்தக் கார்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. புது டிஸ்க் போட்ட சில மாதங்களில் அதே உதறலோடு திரும்பி வரும் கார்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு. பிரேக் மிதித்தால் பேட் என்ற கட்டைகள் அதை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும். சாதாரணச் சாலை ஓட்டத்தில் வார்ப்பிரும்பு டிஸ்க் வளைவது அரிது. கெடுவது அதன் சீரான தடிமன். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கும் காரில், பேட் தொட்டுக்கொண்டிருந்த இடம் ஒரு மாதிரியும் துருப்பிடித்த மற்ற இடம் வேறு மாதிரியும் ஆகிவிடும். அதன்பின் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் பிரேக் கூடிக் குறையும். 60 மைல் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றுகிறது. அந்தத் துடிப்பு முன்பக்கத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் உச்சத்துக்குப் போகும். வேகம் இறங்கியதும் காணாமல் போகும். இறுக்கமான முன்பக்கம் சிறிய துடிப்பை விழுங்கிவிடும். தளர்ந்த முன்பக்கம் அதையே பெருக்கி உங்கள் கையில் கொடுக்கும். புது டிஸ்க் கொஞ்ச நாள் நிம்மதி தருவதும், பின் ஏமாற்றுவதும் இதனால்தான்.

முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொடாமலே உதறினால் டயரையும் பேலன்ஸையும் பாருங்கள். பெடலும் சேர்ந்து துடித்தால் டிஸ்க் மீது சந்தேகப்படலாம். ஸ்டீயரிங் அமைதியாக இருக்க இருக்கை மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரங்களின் டிரம் பிரேக்காக இருக்கலாம். வெறிச்சோடிய நேரான சாலையில், ஹேண்ட்பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லேசாக இழுத்துப் பாருங்கள். அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அதிர்வு வந்துவிட்டால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஜாக்கி. காரைத் தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குற்றவாளி சக்கர பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் கிங்பின் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்பத் தாங்கும் செங்குத்துத் தண்டு), அல்லது அதன் அடிப்பகுதி புஷ் என்ற உறை. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் டிஸ்க்குக்கு ஆர்டர் கொடுப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை. இடமும் வலமும் ஆட்டினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகளின் தேய்மானம் தெரியும். சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளில் உள்ள ரப்பர் புஷ் மட்டும் கையால் ஆட்டித் தெரியாது. கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டும். அவற்றை மாற்றும்போது எம்ஜிபி ஜிடி வி8 காருக்கு வந்த, இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் புஷ்ஷையே நான் போடுகிறேன். ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் பிடிப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.

ஸ்போக் சக்கரம் என்றால் இன்னொரு சோதனை. பிரேக்கை மிதித்த நிலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் திருக வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வந்தால், சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

எம்ஜிபியில் டிஸ்க் ஹப்பின் பின்னால் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்ற ஹப்பைக் கழற்றியே ஆக வேண்டும், அதாவது பேரிங்கைத் தொட்டே ஆக வேண்டும். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இடைவெளி காக்கும் ஸ்பேசர் ஒன்றும், அளவு பார்த்து வைக்கும் மெல்லிய ஷிம்களும் உண்டு. நட்டை முழுதாக முறுக்கிய பின் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் மிஞ்ச வேண்டும். இது பொறுமை கேட்கும் வேலை. ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு நட்டைக் கைப்பதத்தில் முறுக்கி அனுப்பும் பட்டறைகள் இருக்கின்றன. அண்மையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் கார் அப்படித்தான் வந்தது. பளபளக்கும் புது டிஸ்க், உள்ளே ஸ்பேசர் இல்லை, கிங்பின்னின் அடிப்பகுதியில் பழைய ஆட்டம் அப்படியே. ஸ்பேசர் தூரத்தை மட்டும் காப்பதில்லை, சக்கரம் சுற்றும் அச்சுக்கு விறைப்பும் தருகிறது. அதை விட்டால் பிரேக் அடிக்கும்போது அச்சு கூடுதலாக நெளியும். ஸ்பேசரைப் போட்டு, ஷிம்களைச் சரிபார்த்து, கிங்பின்களைப் புதுப்பித்தோம். அந்த டிஸ்க்குகளையே திரும்பப் பூட்டி, நுண்ணிய அசைவை அளக்கும் டையல் கேஜ் வைத்துப் பார்த்தோம். டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் அசைவது 0.08 மில்லிமீட்டருக்குள் இருந்தது. உதறல் நின்றது.

2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரான கார், ஆக எல்லாமே இந்த விலக்குக்குள் வந்துவிட்டன. முன்பு ஆண்டுக்கு ஒரு முறையாவது யாரோ ஒருவர் அந்தச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். இப்போது ஆட்டிப் பார்க்க ஆளில்லை. ஆனால் பொறுப்புக்கு விலக்கு இல்லை. ஆபத்தான நிலையில் உள்ள காரை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் மூன்று தண்டனைப் புள்ளிகளும் விழலாம். விருப்பப்பட்டால் கட்டணம் கட்டிச் சோதனைக்கு விடத் தடையில்லை, நான் விடச் சொல்கிறேன். இடையில் 3,000 மைலுக்கு ஒரு முறை, சக்கரம் தரையில் படாதபடி தூக்கி வைத்து, பக்கத்துக்கு மூன்றாக உள்ள கிங்பின் நிப்பிள்களில் (கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள்) கிரீஸ் அடியுங்கள். ஏதாவது ஒரு நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லை என்றால் அதை மாற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் கிங்பின்னைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.