காரமிகை: ஆல்கலோசிஸ் என்பதற்கான தமிழ்

குருதியின் காரத்தன்மை இயல்பைக் கடந்து மிகும் போக்கை மருத்துவர்கள் ஆல்கலோசிஸ் என்கின்றனர். அமில-காரத் தன்மையைக் காட்டும் எண் பிஎச்; காரம் கூடினால் அது ஏறும். தமனிக் குருதியின் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்பதே இயல்பு. உவர்நிலச் செடிகளை எரித்தெடுத்த சாம்பலைக் குறித்த ‘அல்-கலி’ என்னும் அரபுச் சொல்லே இலத்தீன் வழியாக ஆல்கலி ஆயிற்று. ‘ஓசிஸ்’ என்பது நிலையைச் சுட்டும் கிரேக்க ஈறு.

தமிழில் ஆல்கலியைக் காரம் என்கிறோம். இது ‘க்ஷாரம்’ என்னும் வடசொல்லின் திரிபு. வெங்காரம் என்னும் சொல்லில் இருப்பதும் இதுவே. சமையலறையில் காரம் மிளகாயைச் சுட்டுவதால், ‘இரத்தத்தில் காரம் கூடியுள்ளது’ என்று கேட்பவர் குழம்பில் மிளகாயைக் குறைக்க முற்பட்டால் வியப்பில்லை. சுவைக்கு உறைப்பு என்ற சொல்லைப் பேணியிருந்தால் இக்குழப்பம் எழுந்திராது. வேளாண்மையில் வழங்கும் ‘களர்’ என்பதை எடுத்தாளலாமே எனத் தோன்றும். ஆனால் அது சோடியம் மிகுந்த நிலத்துக்கு உரியது, அமில மண்ணில் தேயிலை வளர்க்கும் நீலகிரிக்காரருக்கோ அயலானது. எனவே காரமிகை என்பதே தக்கது. எதிர்நிலையான அசிடோசிஸ், அமிலமிகை.

காரமிகை உதகைக்கு வருவோர் உடலில் மெல்லிய அளவில் நடப்பதே. மேட்டுப்பாளையம் நிலையம் ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்திலும் உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவே என்பதால், குறைந்த ஆக்சிஜனை ஈடுசெய்ய மூச்சு சற்று ஆழமாகிறது. அதனால் குருதியில் அமிலத்தை உண்டாக்கும் கரியமில வாயு கூடுதலாக வெளியேறி, குருதி காரத்தின் பக்கம் சாய்கிறது. இது மூச்சுவழிக் காரமிகை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதிலுள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருளைப் பெரும்பாலும் முழுமையாக மீட்டுக்கொள்ளும் சிறுநீரகங்கள், இப்போது அதில் ஒரு பகுதியை மீட்காமல் சிறுநீரில் விட்டுவிடுகின்றன. பைகார்பனேட் தனியே செல்வதில்லை. சோடியமும் நீரும் உடன் செல்கின்றன. மலைக்கு வந்த புதிதில் அடிக்கடி நீர் பிரிவதற்குக் குளிரோடு இதுவும் ஒரு காரணம். சில மணி நேரத்தில் தொடங்கும் இத்திருத்தம் நிறைவுபெறச் சில நாள்கள் ஆகும். உதகையின் உயரத்தில் இச்சாய்வு சிறிதே ஆதலால், நலமுள்ளவரிடம் இதை நோய் என்று கூறலாகாது.

இன்னொரு வகை வளர்சிதைமாற்றக் காரமிகை. கொண்டை ஊசி வளைவுகளில் ஓரிரு முறை வாந்தி எடுப்பதால் இது வந்துவிடாது. வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பை அமிலத்துடன் குளோரைடும் நீரும் இழக்கப்பட்டு இது உண்டாகிறது. இங்கே சிறுநீரகம் எதிர்பாராத விதமாக நடந்துகொள்கிறது: குறைந்துபோன நீரையும் சோடியத்தையும் காக்க முற்படுகையில் பைகார்பனேட்டையும் சேர்த்தே மீட்டுக்கொள்வதால், மிகையான காரம் உடலிலேயே தங்கிவிடுகிறது. குளோரைடு அடங்கிய உப்புநீர் ஏற்றப்பட்ட பின்னரே அது காரத்தை வெளியே விடுகிறது.