பத்லி: பதிலியா, மாற்றாளா?

மும்பையில் பரேல், லால்பாக், வொர்லி பக்கம் இருந்த பஞ்சாலை வட்டாரத்துக்கு மராத்தியில் கிரண்காவ் என்று பெயர். கிரணி என்றால் ஆலை, காவ் என்றால் ஊர். அந்த ஊர்த் தொழிலாளிகளின் வாய்மொழி வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் சீக்கிரமே இடறிவிடும் ஒரு சொல் பத்லி.

'தற்காலிகத் தொழிலாளி' என்று எழுதிவிடத் தோன்றும். அது சரியில்லை. தற்காலிகத் தொழிலாளிக்குக் கொஞ்ச நாளைக்காவது தன் பெயரில் ஒரு வேலை உண்டு. பத்லிக்கு அதுவும் கிடையாது. பதிவேட்டில் பெயருள்ள ஒருவர் வராத நாளில் அவர் தறியில் நிற்பவர்தான் பத்லி. அவர் திரும்பிவிட்டால் இவர் மறுபடி மில் வாசலுக்கு. மில்லில் வேலை பார்த்த கொங்கணக் கடற்கரைக்காரர்கள் கோடையில் கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போகும்போது பத்லிகளுக்கு நல்ல காலம். மற்ற நாட்களில் விடிகாலையில் வந்து நின்று, ஆள் தேவையில்லை என்றால் திரும்ப வேண்டியதுதான். யாரை உள்ளே விடுவது என்பது ஜாபர் எனப்பட்ட மேஸ்திரியின் கையில் இருந்தது. அந்தக் கையை நனைக்கவும் வேண்டியிருந்தது. இந்தப் பிடியைத் தளர்த்த 1935-இல் மில் முதலாளிகள் பத்லி அட்டை முறையைக் கொண்டுவந்தார்கள். அட்டை வைத்திருப்பவருக்கு முன்னுரிமை உண்டு. அன்றன்றைக்கு வேலை கிடைக்குமா என்பது மட்டும் பழையபடிதான்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது. வேலை இல்லையென்று நிறுத்திவைக்கும் நாட்களுக்கான இழப்பீடு பத்லிக்கு இல்லை என்றது அந்தச் சட்டம். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்துவிட்டால் அப்புறம் அவர் பத்லி அல்ல என்றும் சொன்னது. ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். அடுத்தவர் லீவு போட்டால்தான் இவருக்கு ஒரு நாள் கூடும்! 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய மும்பை மில் தொழிலாளிகளின் பெரும் வேலைநிறுத்தத்தில், பத்லிகளை நிரந்தரமாக்கு என்பதும் ஒரு கோரிக்கை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? அரபியில் 'பதல்' என்றால் ஒன்றுக்கு ஈடாக வைக்கும் இன்னொன்று. அது பாரசீகம், உருது வழியாக மராத்திக்கும் இந்திக்கும் வந்து 'பத்லி' ஆனது. வேலை இடமாற்றத்துக்கும் அங்கே அதே சொல்தான். தமிழுக்கும் அது எப்போதோ வந்துவிட்டது. நாம் நாள்தோறும் சொல்லும் 'பதில்' அதே வேரில் முளைத்தது. 'அண்ணனுக்குப் பதில் தம்பி வந்தான்' என்கிறோமே, அங்கே இருப்பது பத்லியின் பழைய பொருள்.

ஆகவே 'பதிலித் தொழிலாளி' என்பது மொழிபெயர்ப்புகூட அல்ல, ஒன்றுவிட்ட உறவு. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 'மாற்றாள்' என்பார்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதியில் அதற்குச் சக்களத்தி என்றும் பொருள் உண்டு. 'மாற்றுத் தொழிலாளி' என்றால் அந்தச் சங்கடம் இல்லை. என் ஓட்டு பதிலிக்கே. ஒருவர் தன் கதையைத் தானே சொல்லும் இடத்தில் மட்டும் 'பத்லி' என்றே விட்டுவிடுவேன்.