ஒன்லைனில் வாங்கிய ‘ஒரிஜினல்’ போலியானால் திருகோணமலைக்காரர் எங்கே முறையிடுவது?

சீசன் தொடங்கினால் போதும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களின் முகநூல் முழுக்க ஒரே சாமான் விளம்பரம்தான். த நோர்த் ஃபேஸ் முதுகுப்பை, கொலம்பியா மழை ஜாக்கெட், ஸ்நோர்கல் மாஸ்க், லைஃப் ஜாக்கெட், கூடாரம். “100% ஒரிஜினல், கடைசி மூன்று பீஸ், பொதி கையில் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும்” என்று எழுதியிருக்கும். பொதி வரும். பிரித்தால் லோகோ கோணலாக இருக்கும், தோள்பட்டியைக் கொஞ்சம் இழுத்தாலே தையல் பிரியும். கேட்கப் போனால் விற்றவர் வாட்ஸ்அப்பில் நம்மை புளொக் பண்ணியிருப்பார்.

போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விடத் தேவையில்லை. கடைக்காரருக்குப் பொருந்தும் அதே சட்டம் ஒன்லைனில் விற்பவருக்கும் பொருந்தும். ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, சில கடதாசிகளும் வேண்டும்.

அடிப்படை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதில் நமக்குத் தேவையானவை மூன்று பிரிவுகள்தான். வியாபாரி ஒருவர் நுகர்வோரை ஏமாற்றும் விதமாகவோ தவறாக வழிநடத்தும் விதமாகவோ நடக்கக் கூடாது என்கிறது 30ஆம் பிரிவு. பொருளின் தரம், வகை, மாதிரி பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்கிறது 31ஆம் பிரிவு. காசைத் திரும்பப் பெற உதவுவது 13ஆம் பிரிவு. விற்றவர் நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், அதிகாரசபை விசாரித்து, பொருளை மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு, அல்லது நட்டஈடு கொடு என்று உத்தரவிடலாம். அந்த உத்தரவுக்கு விற்றவர் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிடவும் வழியுண்டு.

முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். போலி என்று தெரியவந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. செப்டெம்பரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மழை ஜாக்கெட்டை வாங்கி அலுமாரியில் மடித்து வைத்துவிட்டு, வாடைக்காற்று மழை நன்றாகப் பிடித்த பிறகு போட்டுப் பார்ப்பவர்களுக்கு இதில்தான் அடி விழுகிறது. வந்த அன்றே வெளியே எடுத்துச் சோதியுங்கள். ஜாக்கெட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். மழைக்கு நிற்கும் ஜாக்கெட் என்றால் தையல் ஓடும் இடமெல்லாம் மேலே மெல்லிய நாடா ஒட்டியிருக்கும். தையல் துளைகள் வெறுமனே தெரிந்தால், நெஞ்சில் எந்த லோகோ இருந்தாலும் அது பெருமழைக்கு நிற்காது. ஸ்நோர்கல் மாஸ்க்கின் கண்ணாடி ஓரத்தில் ‘டெம்பர்ட்’ (உறுதியாக்கிய கண்ணாடி) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டின் உள்ளே தைத்த லேபிளில் 50, 100, 150 என்று மிதக்க வைக்கும் விசையின் நியூட்டன் கணக்கும், எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்பதும் இருக்க வேண்டும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்கு அருகே மட்டும். லேபிளே இல்லாததைப் பிள்ளைக்குப் போட்டுப் படகில் ஏற்றாதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போலி டீ-சேர்ட் என்றால் சாயம் போவதோடு சரி. மலையேறும் சாமான் அப்படியில்லை. மலையேறும் சாமான் செய்யும் பெட்சல் என்ற பிரெஞ்சு நிறுவனம், தன் பெயரிலேயே வந்த போலிக் காரபினர்களும் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கிகள்) கயிற்றுப் பிடிகளும் பாரம் தாங்காமல் முறியக்கூடும் என்று 2011இல் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

சரி, முறைப்பாட்டில் என்ன எழுதுவது? “இது போலி” என்று மட்டும் எழுதினால், போலி என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கொழும்பில் இருக்கும் அதிகாரி நோர்த் ஃபேஸ் நிபுணர் அல்ல. “ஒரிஜினல் என்று சொல்லி விற்றார், வந்தது அதுவல்ல” என்று எழுதுங்கள். அப்போது விற்றவரின் சொந்த வார்த்தையே அவர் கொடுத்த உத்தரவாதமாகிவிடுகிறது. ஆகவே உங்களிடம் இருக்க வேண்டிய முதல் ஆதாரம் பாக் அல்ல, விளம்பரம். ஓர்டர் போடும் முன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். விலை, ‘ஒரிஜினல்’ என்ற சொல், விற்பவரின் பெயர், திகதி எல்லாம் அதில் தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் சாட்டில் நேரடியாகவே கேளுங்கள்: “இது கம்பனி ஒரிஜினலா, கொப்பியா?” அவர் எழுதும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஓர் ஆவணம் செல்லாது என்று யாரும் தள்ளிவிட முடியாது, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இதே காரணத்தால்தான் ‘மாஸ்டர் கொப்பி’, ‘ஏ கிரேட்’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரிடம் வாங்கிவிட்டு, ஏமாற்றிவிட்டான் என்று போய் நிற்க முடியாது. தெரிந்துதானே வாங்கினீர்கள் என்பார்கள். அவர் செய்தது பிராண்டுக்காரருக்கு எதிரான குற்றம், ஆனால் உங்கள் காசு அதில் திரும்பி வராது.

இடையில் இன்னொரு கதையும் ஓடுகிறது: “எக்ஸ்போர்ட் சரக்கு, ஃபெக்டரியில் மிஞ்சினது.” இலங்கை ஆடைத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுப் பிராண்டுகளுக்குத் தைப்பது உண்மை. மிச்சச் சரக்கு உள்ளூர்க் கடைகளுக்கு வருவதும் உண்மை. பெரும்பாலும் லேபிளை வெட்டியோ, பேனையால் கோடு போட்டோதான் வரும். அந்த உண்மையை வைத்துத்தான் பொய்யும் விற்கிறது. மிச்சச் சரக்கு என்று சொல்கிறவரிடம் ஒரே மாதிரியில், எல்லா சைஸிலும், எல்லா நிறத்திலும், மாதக் கணக்கில் ஸ்டொக் இருக்கிறதென்றால் அது எப்படி மிச்சமாகும்? உடுப்பு என்றால் நம்பவாவது இடமுண்டு. கூடாரமும் தலை விளக்கும் எந்த ஆடைத் தொழிற்சாலையில் மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ஆதாரம், நாம் முதலில் குப்பையில் போடும் பொருள்: பொதி சுற்றிவந்த பிளாஸ்ரிக் உறையில் ஒட்டியிருக்கும் கூரியர் ஸ்டிக்கர். முகநூல் பக்கத்துக்கு எந்தப் பெயரும் வைக்கலாம், நாளைக்கே அழிக்கலாம். கூரியர் கம்பனி காசைச் சேர்த்து யாரிடமாவது கொடுத்தாக வேண்டுமே, அதனால் அனுப்பியவர் பெயர், தொலைபேசி இலக்கம், பொதி இலக்கம் அந்த ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் தெரியாமல் அதிகாரசபை யாருக்கு அழைப்பு அனுப்பும்? ஸ்டிக்கர் கிழியாமல் ஓரமாக வெட்டி எடுத்து வையுங்கள். அதைக் காட்டியபடி பொதியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. பற்றுச்சீட்டும் கேளுங்கள். நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். “விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது” என்று அதில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஒரு வரியால் 13ஆம் பிரிவு செத்துவிடாது.

முதலில் விற்றவருக்கே எழுத்தில் சொல்லுங்கள். பெரிய விற்பனைத் தளம் என்றால் அதன் செயலியிலேயே திருப்பியனுப்பும் வழி இருக்கும், ஆனால் அதற்கான காலம் சட்டம் தரும் மூன்று மாதத்தைவிட மிகக் குறைவு, சில நாட்களோ ஒன்றிரண்டு வாரமோதான். அதைத் தவறவிட்டாலும் அதிகாரசபைக்குப் போகலாம். தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் பேசி முடிப்போம் என்று விற்பவர் இழுத்தால் போகாதீர்கள், கெடு முடியும்வரை நாளைக் கடத்துவதற்கான வேலை அது.

அங்கே சரிவராவிட்டால் கச்சேரி. திருகோணமலை மாவட்டச் செயலகத்தில் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கையளிக்கலாம். கிண்ணியா, மூதூர், குச்சவெளிக்காரர்கள் இதற்காக பஸ் ஏறத்தான் வேண்டுமென்றில்லை. தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்: 27, வொக்ஸ்ஹோல் வீதி, கொழும்பு 02. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனால் போனில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். மூன்று மாதக் கணக்கில் எழுத்துதான் செல்லும். உங்கள் பெயர், முகவரி, வாங்கிய திகதி, கொடுத்த தொகை, விற்றவர் பற்றித் தெரிந்ததெல்லாம், அவர் என்ன சொன்னார், வந்தது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும் – பக்கம் ஒன்று போதும். பிரதிகளை இணையுங்கள், மூலங்களைக் கொடுக்காதீர்கள். பாக்கையும் கழுவாமல், தைக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

விற்றவர் நம் மாவட்டத்து ஆள் என்றால் பிரதேசத்து மத்தியஸ்த சபை இன்னொரு வழி. சட்டத்தரணி தேவையில்லை, பெரிய செலவும் இல்லை, இருதரப்பையும் இருத்திப் பேசி முடிப்பார்கள். சின்னத் தொகைக்கு அது தோதான இடம்.

கடன் அட்டையிலோ டெபிட் அட்டையிலோ கட்டியிருந்தால் வேறொரு கதவும் திறந்திருக்கிறது. விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் போலிப் பொருள் கிடைத்ததற்காகக் கொடுப்பனவைத் திருப்பக் கேட்கும் உரிமை உண்டு. உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள், பொதுவாக 120 நாள் கெடு, பிந்தாமல் போவது நல்லது. வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. ஆனால் முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில், வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியவருக்கு அட்டை வழியும் அந்தத் தளத்தின் வாங்குவோர் பாதுகாப்பும்தான் உண்மையில் கைகொடுக்கும். நம் அதிகாரசபையின் கை அங்கே எட்டாது.

காசை வங்கிக் கணக்குக்கு வாங்கிவிட்டுப் பொருளே அனுப்பாதவர் விஷயம் வேறு. அது ஏமாற்றுதல் என்ற குற்றம், பொலிசில் முறைப்பாடு போடுங்கள். போலிப் பக்கத்தை மூடச் செய்ய, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101 என்ற தொலைபேசி இலக்கம் உதவும்.

படகு ஓட்டுபவர்கள், கெஸ்ட்ஹவுஸ் நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாஸ்க்கும் லைஃப் ஜாக்கெட்டும் மொத்தமாக வாங்கி ஏமாந்தால் நீங்கள் முறைப்பாட்டாளர். அதையே புறாத்தீவுக்குப் போகும் பயணிக்கு வாடகைக்குக் கொடுத்தால் நீங்கள் சேவை வழங்கும் வியாபாரி. சேவையோடு கொடுக்கும் பொருள் அதன் தேவைக்குப் பொருத்தமாக இருக்கும் என்ற உத்தரவாதத்தை 32ஆம் பிரிவு உங்கள் மேல் வைக்கிறது. எனக்கும் இப்படித்தான் தந்தார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது.

போலி என்று தெரிந்த பிறகு அதை விளம்பரம் போட்டு வேறொருவர் தலையில் கட்டுவதும் வேண்டாம். போலி வர்த்தகக் குறியோடு பொருள் விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம், ஒரேயொரு பாக்காக இருந்தாலும்.

மொழிக்காகத் தயங்குபவர்களுக்கு: கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழிலேயே கேட்கலாம், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. கையளிக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் துண்டைக் கூரியர் ஸ்டிக்கரோடு சேர்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்குள் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.