சின்ன விரல்களுக்கு வீட்டிலேயே வேலை

ஜூன் மாதம் பள்ளி திறந்து சில வாரங்கள் கடந்ததும், எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வரத் தொடங்குவார்கள். குறை பெரும்பாலும் ஒன்றுதான். "எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்கிறான்." "பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறாள்." "இரண்டு வரி எழுதுவதற்குள் ஒரே அழுகை." கையோடு நாலுவரி நோட்டும் வந்துவிடும். குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்கான கை, உடல் திறன்களைப் பழக்குபவர்) என்ற முறையில் அந்த நோட்டையும் நான் பார்ப்பேன். ஆனால் அதற்கு முன்பு வேறு சில கேள்விகள் உண்டு. வீட்டில் பிள்ளை காகிதம் கிழிக்கிறதா? மாவு பிசைகிறதா? கத்தரிக்கோலைத் தொட்டிருக்கிறதா? "ஐயோ, வீடெல்லாம் குப்பையாகிவிடுமே!" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில்.

குழந்தையின் கை, பெரியவர்களுடைய கையின் சிறிய பதிப்பு அல்ல. நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவற்றில் ஒன்றுகூட எலும்பாக இறுகியிருக்காது, எல்லாம் குருத்தெலும்புதான். முதல் சில மாதங்களில் இரண்டு இறுகத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 9 வயதுக்கு மேல் ஆகிவிடும். கோடு போடும் திறனுக்கும் ஒரு வரிசை உண்டு. வட்டத்தைப் பார்த்து வரைய ஏறத்தாழ 3 வயது ஆக வேண்டும், கூட்டல் குறி போட 4, முக்கோணம் வரைய 5. இப்போது 'அ' எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நேர்கோடு எல்லாம் அந்த ஓர் எழுத்திலேயே இருக்கின்றன. கூட்டல் குறியே வராத 3 வயதுக் கையிடம் அதை ஒரு பக்கம் நிறைய எழுது என்கிறோம். கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தயவுசெய்து நம்புங்கள். அது சாக்குப்போக்கு அல்ல.

அந்தக் கைக்கு எழுத்துக்கு முன்னால் வேறு வேலை வேண்டும். பிசைய, கிழிக்க, உருட்ட, ஒட்ட, வெட்ட வேண்டும். கைவினை என்று நாம் அழைப்பதெல்லாம் இவைதான். இதற்காகக் கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் 'கிராஃப்ட் கிட்' எதுவும் தேவையில்லை.

பள்ளிகள் கொடுக்கும் செய்முறை வேலையைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. "நாளைக்குத் தெர்மாகோலில் வீடு செய்துகொண்டு வர வேண்டும்" என்று நோட்டில் எழுதி வரும். பிள்ளை தூங்கிய பிறகு அம்மா இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து வெட்டி ஒட்டுவார். மறுநாள் அது வகுப்பின் மேசையில் அழகாக நிற்கும். அதில் பிள்ளையின் விரல் பட்ட இடம் எங்கே? கோணலாக வெட்டிய ஒரு காகிதப் பூவை, பிள்ளையே வெட்டியது என்பதற்காக, வகுப்பில் மாட்டும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். பெற்றோரும் துணிந்து கோணல் பூவையே கொடுத்தனுப்புங்கள். கைபேசியில் யாரோ பொம்மை செய்வதை மணிக்கணக்கில் பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும். பார்க்கும் கண்ணுக்கு அது வேலை, விரலுக்கு ஒன்றுமில்லை.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலிருந்தே தொடங்கலாம். ஒன்றரை வயதுக்கு மேல், காலையில் தாள் கிழிக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு கை அட்டையைப் பிடிக்க, மறு கை தாளை இழுக்க வேண்டும். இரண்டு கைகள் இரண்டு வேறு வேலைகளைச் சேர்ந்து செய்யும் இந்தப் பழக்கம்தான் பின்னால் நோட்டை ஒரு கை பிடிக்க மறு கை எழுதுவதற்கு அடித்தளம். கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழிக்கச் சொல்லலாம், உருண்டை பிடிக்கச் சொல்லலாம். ஒரு பெரிய மீன் வரைந்து கொடுத்தால் அந்தத் துண்டுகளே செதில்களாகும். ஆண்டு முடிந்ததும் மிஞ்சும் காலண்டர் அட்டையை வீசாதீர்கள். ஓர் ஆணியில், குழந்தையின் தோளுயரத்தில், மாட்டி அதில் வெள்ளைத்தாள் ஒட்டிக் கொடுங்கள். நின்றுகொண்டு செங்குத்தான பரப்பில் வரையும்போது மணிக்கட்டு மேல்நோக்கி வளையும், தோளும் உழைக்கும். பென்சில் பிடிக்கத் தேவையான நிலை அதுதான்.

கத்தரிக்கோல் பழக, பழைய கல்யாணப் பத்திரிகையை விஞ்சும் தாள் கிடையாது. மெல்லிய தாள் குழந்தை கையில் துவண்டு மடங்கும். பத்திரிகை அட்டை விறைப்பாக நிற்கும். (பிள்ளையார் படம் உள்ள பகுதியை முதலில் வெட்டி எடுத்துப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் சண்டை வராது.) இரண்டரை வயதில் ஓரத்தில் நறுக் நறுக்கென்று ஒரு வெட்டு, 3 வயதை ஒட்டி முன்னோக்கி வெட்டிக்கொண்டே போவது, 4 வயதில் கோட்டின் மேல் வெட்டுவது, 5 வயதில் வட்டம் என்று படிப்படியாக வரும். பென்சிலில் கொட்டையாக ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். மெல்லிய கோடு கண்ணுக்குச் சிரமம். நுனி மழுங்கிய, பிள்ளைக் கைக்கு அளவான கத்தரிக்கோல் போதும். கட்டைவிரல் மேலே பார்த்து இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஒட்டுவதற்குப் பசை வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு கப் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் பளபளப்பாகக் கெட்டிப்படும். ஆறியதும் விரலால் தொட்டுத் தடவக் கொடுங்கள். சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் கட்டுபவர்களும் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு, குழந்தைக்கான பசையில் கூடவே கூடாது. இரண்டு மூன்று நாளில் பசை கெட்டுப்போகும். கெடட்டும், புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் கடித உறை ஒட்டிய சோற்றுப் பருக்கைகூட இன்றைக்கும் நன்றாகவே ஒட்டும்.

பிசையும் மாவுதான் என் சிபாரிசில் முதலிடம். ஒரு கப் மைதா, அரைக் கப் உப்புத்தூள், ஒரு கப் தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் வாணலியில் கலந்து சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் திரண்டு வரும். இறக்கி, சூடு ஆறியதும் எண்ணெய் தொட்ட கையால் பிசைந்து, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் பல நாள் மிருதுவாக இருக்கும். மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, கீரை அரைத்த சாறு என்று நிறம் சேர்க்கலாம். பீட்ரூட் நிறம் நாளாக ஆக மங்கும், பரவாயில்லை. உப்பு அதிகம் என்பதால் குழந்தை வாயில் வைத்தால் துப்பிவிடும். இருந்தாலும் கட்டியாக விழுங்க விடக் கூடாது, உப்பு அளவுமீறினால் சின்ன உடலுக்குக் கேடு. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, ஆறவைத்துக் கொடுக்கலாம். இதில் பாம்பு உருட்டலாம், உருண்டை பிடிக்கலாம், உருண்டைக்குள் பட்டாணியை ஒளித்து வைத்துத் தேடி எடுக்கச் சொல்லலாம். இந்தத் தேடும் விளையாட்டு 3 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டும். சப்பாத்திக்கு மாவு பிசையும் நேரத்தில் ஓர் உருண்டையைக் கிள்ளிக் கொடுத்தாலும் இதே பயிற்சிதான், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

காய் நறுக்கும்போது வீசும் வெண்டைக்காய்க் காம்புப் பகுதியை வண்ணத்தில் தொட்டு அச்சு வைத்தால் ஐந்து மூலைப் பூ வரும். பாகற்காய்த் துண்டு பல்பல்லாக ஒரு வளையம் தரும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தேன்கூட்டு அறைகள். அதன் அச்சைப் பார்த்துப் பெரியவர்களே வியந்துபோவார்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை விரல் கற்றுக்கொள்கிறது. எழுதும்போது தாள் கிழிய அழுத்துகிற பிள்ளைகளுக்கு இதை நான் விரும்பிக் கொடுப்பேன்.

நிறத்தில் வித்தை காட்ட வேண்டுமா? மஞ்சளைக் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் பஞ்சைத் தொட்டு வரையச் சொல்லுங்கள். தொட்ட இடம் செம்பழுப்பாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சள். காரமும் அமிலமும் செய்யும் வேலை இது. சுண்ணாம்பிலும் இப்படி வரும், ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தைகள் அருகில் கொண்டுவராதீர்கள். சுண்ணாம்பு டப்பாவையோ பாக்கெட்டையோ அழுத்தி, அது கண்ணில் தெறித்துப் பார்வை போன குழந்தைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். தெறித்துவிட்டால் அந்த நொடியே நல்ல தண்ணீரால் இடைவிடாமல் கழுவிக்கொண்டே கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்து, எலுமிச்சைச் சாறு தொட்டால் ஊதா சிவப்பாவதையும் செய்து காட்டலாம். அதில் எந்த ஆபத்தும் இல்லை.

கோலம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைக் கவனியுங்கள். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்கள். ஆண்பிள்ளைக்கும் அது வேண்டும். நாலு புள்ளி வைத்துச் சேர்த்தால் போதும். கடையில் விற்கும் கல்மாவும் சாயமேற்றிய வண்ணப்பொடியும் மூச்சில் ஏறும், அதனால் பச்சரிசி மாவே நல்லது. இந்த மூன்று விரல் பிடிக்காகவே, 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நீளமான கிரேயானைவிட உடைந்த துண்டுக் கிரேயானைக் கொடுப்பேன். முஷ்டியால் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனி தானாக முன்வரும்.

இடது கையால் வெட்டுகிற, வரைகிற பிள்ளையின் கையை மாற்றிப் பிடிக்க வைக்காதீர்கள். உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கையர். அது மூளையின் அமைப்பு, கெட்ட பழக்கம் அல்ல. வலக்கைக் கத்தரிக்கோலில் அவர்களுக்கு வெட்டும் கோடு தெரியாது. இடக்கையருக்கென்றே செய்த கத்தரிக்கோல் கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள். மாவைத் தொட்டாலே அருவருத்துக் கையை உதறும் பிள்ளைகளும் உண்டு. கையைப் பிடித்து அழுத்தினால் வெறுப்பு இன்னும் கூடும். ஒரு கரண்டியோ பிரஷோ கொடுங்கள், பக்கத்தில் ஈரத்துணி வையுங்கள். கை துடைக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் பல பிள்ளைகள் மெல்ல விரலை நீட்டுவார்கள்.

எந்தப் பொருள் கூடாது என்பதிலும் கண்டிப்பு தேவை. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் நுழையும் எதுவும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கலாம். மணி, பொத்தான், தெர்மாகோல் உருண்டை எல்லாம் இதில் அடங்கும். மினுங்கும் வாழ்த்து அட்டையிலும் மலிவுப் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் வெந்து போகலாம். அறிகுறிக்குக் காத்திராமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் அதேபோலப் பெருத்துக் குடலை அடைக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதும் இல்லை. சிறு காந்தங்கள் இரண்டு விழுங்கப்பட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த மூன்றும் கைவினைப் பெட்டியில் இருக்கவே வேண்டாம். மூக்கில் மணியைப் போட்டுக்கொண்டால் ஹேர்பின்னால் தோண்டாதீர்கள், உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

இவ்வளவு வாய்ப்பும் கொடுத்த பிறகும் சில பிள்ளைகளுக்கு உதவி தேவைப்படும். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைத் தொங்கவிடுவது, முன்பு செய்த வேலையைச் செய்யாமல் போவது, 4 வயது கடந்தும் வட்டம் வரைய முடியாமை, பொருட்கள் அடிக்கடி கைநழுவுவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம், குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். போகும்போது நாலுவரி நோட்டோடு, பிள்ளை தானாக வெட்டிய தாள்களையும் கிறுக்கிய படங்களையும் எடுத்துப்போங்கள். திருத்தாமல், அப்படியே.