தூங்கியே வேலை பார்க்கும் சென்சார்

“புதிதாக வீடு வாங்கியிருக்கிறோம். குடிபோவதற்குள் விளக்கு, கதவு, தண்ணீர்க் கசிவு எல்லாவற்றையும் தானியங்கி ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட ஆசை. கதவில் ஒட்டுகிற சென்சார் ஒரு பொத்தான் பேட்டரியில் இரண்டு ஆண்டு ஓடும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். என் கைபேசி ஒரு நாள் தாங்குவதே பெரும்பாடு. இதை நம்பலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக நம்பலாம். எந்த நிறுவனத்தின் பொருளை வாங்குவது என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். இவர் கேட்டிருப்பது அதைவிட நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால், புது வீட்டில் எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூடத் தானாகவே விளங்கிவிடும்.

அடிப்படைகள் பலருக்கும் தெரிந்தவைதான். சென்சார்கள் ஏதோ ஒன்றைக் கவனிக்கின்றன. ‘ஹப்’ என்கிற மையக் கருவி முடிவெடுக்கிறது. சுவிட்சும் பல்பும் அதைச் செய்து முடிக்கின்றன. இவை பேசிக்கொள்ள வானொலி அலை வேண்டும். வைஃபை ஒரு வழி. குறைந்த மின்சாரத்தில் பேசும் ஜிக்பீ, த்ரெட் ஆகிய வலைப்பின்னல் முறைகள் வேறு வழி. இவ்விரண்டுக்கும் அடித்தளம் ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு 2003இல் முதலில் வெளியிட்ட 802.15.4 என்ற தரநிலை. வேகம் நொடிக்கு 2,50,000 பிட்தான். வீடியோவுக்கு உதவாது, ‘கதவு திறந்தது’ என்று சொல்லத் தாராளம். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான ‘மேட்டர்’, வைஃபைக்கும் த்ரெட்டுக்கும் மேலே அமர்ந்து, வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வைக்கும் பொது மொழி.

இனி அந்தக் கதவு சென்சாரைத் திறந்து பார்ப்போம். எனக்கு அலுக்கவே அலுக்காத பொருள் இது. உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதில் இரும்பும் நிக்கலும் கலந்த இரண்டு மெல்லிய தகடுகள், நுனிகள் மயிரிழை இடைவெளியில் நிற்கும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன. கதவில் ஒட்டிய காந்தம் பக்கத்தில் வந்தால் இரு நுனிகளும் எதிரெதிர்த் துருவங்களாகி ஒட்டிக்கொள்கின்றன. காந்தம் விலகினால் பிரிகின்றன. காந்தத்தை உணர்வதற்கென்று பேட்டரி எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. கதவைத் தள்ளுகிற கைதான் அந்த ஆற்றலைத் தருகிறது.

அதன் அருகே ஒரு சிப். அதற்கும் அருகே 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள உலோக மூடி. அதற்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோத எண்? 2ஐ 15 முறை பெருக்கினால் 32,768. ஆகவே பாதி, பாதியாகப் பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒரு நொடி கிடைத்துவிடும். கைக்கடிகாரங்களில் இருப்பதும் இதே படிகம்தான். சிப்புக்குள் மின்சுற்று ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்னூட்டம் செலவாகும். துடிப்பு மெதுவாக இருந்தால் செலவும் சுருங்கும். எனவே சிப் தன் கணக்கிடும் பகுதியையும் வானொலியையும் முழுவதும் அணைத்துவிட்டு, இந்த மெதுவான துடிப்பையும் கொஞ்சம் நினைவகத்தையும் மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு தூங்குகிறது. அப்போது அது இழுப்பது ஏறக்குறைய 2 மைக்ரோ ஆம்பியர்.

பேட்டரி பக்கம் திரும்புவோம். சி.ஆர். 2032 என்ற பொத்தான் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 2,20,000 மைக்ரோ ஆம்பியர் மணி. 2 மைக்ரோ ஆம்பியர் வீதம் செலவானால் 1,10,000 மணி நேரம் வரும். அதாவது பன்னிரண்டரை ஆண்டு!

ஆனால் தூங்கிக்கொண்டே இருந்தால் வேலை நடக்காதே. கதவு திறக்கிறது, தகடுகள் பிரிகின்றன, சிப் விழிக்கிறது. முதலில் வானொலியை இயக்கி, 128 மைக்ரோ நொடி காதுகொடுத்துக் கேட்கிறது: வேறு யாரும் பேசவில்லையே? இல்லை என்றால் செய்தியை அனுப்புகிறது. இந்தத் தரநிலையில் மிகப் பெரிய செய்தியே 127 பைட்தான். அதை முழுவதும் அனுப்ப 4 மில்லி நொடியைச் சற்றே தாண்டும். கதவு சென்சாரின் செய்தி அதில் பாதிகூட இருக்காது. எதிர்முனையிலிருந்து ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை வந்ததும் மறுபடி தூக்கம். எல்லாம் சேர்த்து 5 மில்லி நொடி, 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தூக்கச் செலவைப் போல 5,000 மடங்கு. ஆனால் நீடிப்பதோ 5 மில்லி நொடி. ஆக, ஒரு முறை பேசுவது 25 நொடித் தூக்கத்துக்குச் சமம். கதவு ஒரு நாளில் நூறு முறை ஆடினாலும் முக்கால் மணி நேரத் தூக்கம்கூடச் செலவாகாது. பொறியியலில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் பார்த்ததில்லை.

இதையே வைஃபையில் செய்தால்? விழித்ததும் இணைப்பைப் புதுப்பித்து, கடவுச்சொல் சரிபார்ப்பை முடித்து, முகவரி பெற்று, அதன் பிறகுதான் பேச முடியும். அதற்குள் நூற்றுக்கணக்கான மில்லி நொடிகள் போய்விடும். அனுப்பும்போது 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பொத்தான் பேட்டரியின் உள்மின்தடை 10 ஓம் என்றாலே 2 வோல்ட் உள்ளேயே தொலைந்துவிடும். 3 வோல்ட் பேட்டரியில் மீதி ஒன்றுதான். சிப் மயங்கி விழும்.

அப்படியானால் பன்னிரண்டு ஆண்டு ஏன் இரண்டாகக் குறைகிறது? தூங்குகிறவனிடம் செய்தி சொல்வது எப்படி என்பதில் இருக்கிறது விடை. பேட்டரிக் கருவி ஒவ்வொன்றுக்கும் வலைப்பின்னலில் ஒரு ‘பெற்றோர்’ உண்டு. அது மின் இணைப்பிலேயே இருக்கும் கருவி; தூங்கவே தூங்காது. தன் பிள்ளைக்கு வரும் கட்டளையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஜிக்பீயில் 7.68 நொடி வரை. அதற்குள் பிள்ளை விழித்து ‘எனக்கு ஏதாவது உண்டா?’ என்று கேட்டால் கையில் கொடுக்கும். கேட்காவிட்டால் செய்தி போயிற்று. ஆகவே கட்டளை பெற வேண்டிய கருவி சில நொடிக்கு ஒரு முறை விழித்தாக வேண்டும். 5 நொடிக்கு ஒரு முறை கேட்டால், ஒவ்வொரு தடவையும் 25 நொடித் தூக்கத்தின் விலை. மொத்தச் செலவு ஆறு மடங்காகி, பன்னிரண்டரை ஆண்டு இரண்டு ஆண்டாகிவிடும். கட்டளை எதுவும் தேவைப்படாத கதவு சென்சார் எப்போதாவது கேட்டால் போதும் என்பதால் இன்னும் நீடிக்கும்; அதனால்தான் பெட்டியில் உள்ள இரண்டு ஆண்டைத் தாராளமாக நம்பலாம் என்றேன்.

இந்த நுட்பங்கள் எல்லாமே கடைக்காரர்கள் கேட்டதால் பிறந்தவையல்ல. 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கிரிஸ் பிஸ்டர் தலைமையில் ‘ஸ்மார்ட் டஸ்ட்’ என்ற ஆய்வு நடந்தது. ஒரு கன மில்லிமீட்டருக்குள் சென்சார், கணினி, தகவல்தொடர்பு மூன்றையும் அடக்குவது நோக்கம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா அமைப்பு பணம் கொடுத்தது. மைக்ரோ ஆம்பியர்களை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இத்தகைய வானொலிச் சென்சார்களுக்கு அப்போது பெரிய சந்தை இருக்கவில்லை. ‘உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் எனக்கு வருத்தமும் கோபமும் வருவது இதனால்தான். கூடவே இன்னொன்று: இந்தச் சென்சார் குழந்தையின் அறையில் இருந்தால் ‘கதிர்வீச்சு’ தாக்கும் என்று பயமுறுத்துகிறவர்களுக்குச் செவி சாய்க்க வேண்டாம். சில மில்லி வாட் ஆற்றல், அதுவும் நொடியின் சிறு துணுக்கு நேரம்.

இப்போது புது வீட்டுக்கு வருவோம். பெற்றோர்க் கருவிகள் விழித்திருந்தால்தான் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கலாம். ஸ்மார்ட் பல்பு பெற்றோராக இருக்கும்போது யாரோ சுவர் சுவிட்சை அணைத்தால், அதை நம்பியிருந்த சென்சாருக்கு ஒப்புகை வராது. அது திரும்பத் திரும்ப அனுப்பும். பிறகு வேறு பெற்றோரைத் தேடும். பேட்டரி கரைவது இப்படித்தான். அதனால் பல்பைவிட ஸ்மார்ட் சுவிட்சையே நான் சொல்வேன். அது ஒழுங்காக இயங்க, சுவிட்ச் பெட்டிக்குள் மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயர் வேண்டும். பழைய முறை வயரிங்கில் பெட்டிக்குள் ஃபேஸ் மட்டும் வந்து போகும். நியூட்ரல் இல்லாத சுவிட்ச் தனக்கான மின்சாரத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டு எடுக்கிறது, எல்.இ.டி. மங்கலாக ஒளிர்வதும் சிமிட்டுவதும் இதனால்தான். மேலும் அத்தகைய பல சுவிட்சுகள் பெற்றோர் வேலையை ஏற்பதில்லை. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எல்லா சுவிட்ச் பெட்டிகளுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள்.

ஹப், இணையம் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே இயங்குவதாக இருக்கட்டும். 2016இல் ரிவால்வ் என்ற ஹப்பின் இணையச் சேவையை அதன் உரிமையாளர் நிறுவனம் நிறுத்தியபோது, நன்றாக இருந்த கருவிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. வீடு ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்தது என்றால், சுவரில் இருக்கும் பூட்டு, கேமரா எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, அவர்களுடைய கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிவிடுங்கள்.

வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே புழங்குவதால், ஹப்பை வைஃபை ரௌட்டரை ஒட்டி வைக்காமல் ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் சுவிட்சுகளையும் பிளக்குகளையும் இணைத்து, அவை ஒன்றையொன்று கண்டுகொள்ள ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒவ்வொரு பேட்டரி சென்சாரையும் அது நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து இணையுங்கள். மேசையில் வைத்து மொத்தமாக இணைத்தால் எல்லாமே ஹப்பையே பெற்றோராகப் பிடித்துக்கொள்ளும். சில சென்சார்கள், மாடி அறைக்குக் கொண்டுபோன பிறகும் அந்தத் தொலைதூர உறவை எளிதில் விடாது.