தாங்குவது ஒன்று, தடுப்பது இன்னொன்று: கோய் குளம் எதனால் கட்ட வேண்டும்?

வீட்டுப் பின்புறத்தில் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு குளம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் நிற்கப்போகும் தண்ணீர் 36,000 லிட்டர். எடை 36 டன். கோய் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “கான்கிரீட்டா, ரப்பர் விரிப்பா, ஃபைபர் கிளாஸா, எது நல்லது?” என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. இந்த 36 டன்னை எது தாங்கப்போகிறது? எது கசியாமல் தடுக்கப்போகிறது? மீன் நீந்தும் தண்ணீரை இரவும் பகலும் தொட்டுக்கொண்டிருக்கப்போவது எது? மூன்று வேலையையும் ஒரே பொருளின் தலையில் கட்டும்போதுதான் பெரும்பாலான குளங்கள் கெடுகின்றன.

எதற்கு இவ்வளவு பெரிய குளம் என்றால், மீன் அப்படி. கோய் என்பது கெண்டை இனத்தின் வண்ண வடிவம். ஜப்பானில் நீகாட்டா மலைப்பகுதியின் நெல் விவசாயிகள் 19-ஆம் நூற்றாண்டில் உணவுக்காக வளர்த்த கெண்டைகளில் நிறம் மாறிப் பிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். கையளவில் வாங்கிய குட்டி சில ஆண்டுகளில் 60, 70 செ.மீ. ஆகிவிடும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள்கூட இருக்கும். ஆழம் இருந்தால்தான் பகலுக்கும் இரவுக்கும் நடுவே தண்ணீரின் வெப்பம் அதிகம் ஆடாது. ஆக, மீனின் ஆயுளுக்கு ஈடுகொடுக்கும் குளமாக அது இருக்க வேண்டும்.

முதலில் எடையைத் தாங்கும் வேலையைப் பார்ப்போம். குளத்தின் சுவரைத் தள்ளும் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. குளம் எவ்வளவு நீளம், அகலம் என்பது அந்த அழுத்தத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை டன் அழுத்தம். மேல்மட்டத்தில் அது பூஜ்யம். கீழே போகப் போகக் கூடுகிறது. அதனால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் விழும் மொத்தத் தள்ளுவிசை ஆழத்தின் வர்க்கத்தோடு ஏறும். 1 மீட்டர் ஆழக் குளத்தில் அது சுமார் 500 கிலோ. ஒன்றரை மீட்டரில் 1,125 கிலோ. 2 மீட்டரில் 2,000 கிலோ. “இன்னும் ஒரு அரை மீட்டர் தோண்டிவிடலாமே” என்று போகிற போக்கில் சொல்கிறோம். சுவருக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம்.

தரைக்குள் இருக்கும் குளத்துக்கு வெளியே இருக்கும் மண் முட்டுக் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் சுத்தம் செய்யக் குளத்தைக் காலி செய்த அன்று அதே மண் உள்நோக்கித் தள்ளும். மழையில் ஊறிய மண் இன்னும் பலமாகத் தள்ளும். அதனால் சுவர் இரண்டு திசையிலும் வளையாமல் நிற்க வேண்டும். வெறும் செங்கல், வெறும் பிளாக் சுவர் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுவிசைக்கு நிற்காது. கான்கிரீட்டும் அப்படித்தான், அதன் இழுவலிமை, அழுத்தவலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தக் குறையை நிரப்பத்தான் இரும்புக் கம்பி. கம்பியும் கான்கிரீட்டும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிகின்றன, ஒரு டிகிரிக்கு நீளத்தில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. இந்தப் பொருத்தம் இல்லாமல் போயிருந்தால், கோடை வெயிலிலும் குளிர்காலத்திலும் கம்பி ஒரு பக்கமும் கான்கிரீட் ஒரு பக்கமும் இழுத்து, கட்டடமே பிளந்திருக்கும். கம்பி கட்டி வார்த்த கான்கிரீட், அல்லது உள்ளே கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பிய ஹாலோ பிளாக், இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரிய குளத்தின் எலும்பாக நான் வைப்பேன்.

எலும்பைப் பற்றி இன்னொன்று. குளம் மிதக்கும். நம்பக் கடினமாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நமது குளத்துக்குத் தரையும் சுவரும் 15 செ.மீ. கனம் என்றால் கான்கிரீட்டின் எடை சுமார் 21 டன். நிலத்தடி நீர் மேலேறி, அந்தத் தொட்டியைச் சுற்றி விளிம்பு வரை நின்றால், தொட்டி ஒதுக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 45 டன். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அவ்வளவு விசை அதை மேலே தூக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கவலை இல்லை. காலியாக இருந்தால், தொட்டியின் அடிமட்டத்துக்கு மேல் 77 செ.மீ. அளவுக்கு நிலத்தடி நீர் ஏறினாலே தூக்குவிசை எடையைத் தாண்டிவிடும். அதற்குமேல் பிடித்துவைப்பது பக்கத்து மண்ணின் உராய்வுதான். அதனால் நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில், தரைக்கு அடியில் ஜல்லிப் படுகையும் அதிலிருந்து நீரை வெளியேற்றும் குழாயும் அவசியம். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யவே கூடாது. ரப்பர் விரிப்புக் குளத்தில் இதே விசை விரிப்பை அடியிலிருந்து பெரிய குமிழியாக மேலே தள்ளிவிடும்.

சரி, கான்கிரீட் தாங்கும். தடுக்குமா? கான்கிரீட்டில் தண்ணீர் இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று, சிமென்ட் இறுகும்போது உண்டாகும் நுண்துளைகள். சிமென்ட் தன் வேதிவினைக்கு எடுத்துக்கொள்ளும் தண்ணீர் அதன் எடையில் நாலில் ஒரு பங்கு அளவுதான். வேலை சுலபமாக நடக்க நாம் அதைவிட அதிகமாக ஊற்றுகிறோம். மிச்சத் தண்ணீர் இருந்த இடமெல்லாம் பின்னால் ஒன்றோடொன்று இணைந்த மெல்லிய துளைகளாக நின்றுவிடும். நீர்த்தொட்டிக்குத் தண்ணீர் அளவு சிமென்ட் எடையில் 0.45 பங்குக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கலவை கெட்டியாக இருக்கிறது என்று தளத்தில் யாராவது இன்னொரு வாளித் தண்ணீர் சாய்த்தால், அந்த வாளி பிற்பாடு கசிவாகத் திரும்பி வரும். இரண்டாவது வழி விரிசல். கான்கிரீட் உலரும்போது சுருங்கும். சுருங்க விடாமல் மண்ணும் மூலைகளும் பிடித்துக்கொள்ளும். அப்போது எங்காவது கிழிந்துதான் ஆக வேண்டும். தரையை ஒரு நாளும் சுவரை இன்னொரு நாளும் வார்த்தால், இரண்டும் சேரும் கோடு எப்போதும் பலவீனமான இடம். நீர்த்தடுப்புப் பட்டை வைக்காமல் அதை மூடக் கூடாது.

ஆகவே கான்கிரீட்டை எலும்பாக வைத்துக்கொண்டு, தோலாக இன்னொன்றைப் போர்த்துவதே நல்லது. எந்தத் தோல் என்பதை முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி எனக்கு முக்கியம்: பின்னாலிருக்கும் சுவரில் மயிரிழை விரிசல் விட்டால் அது என்ன செய்யும்?

ஃபைபர் கிளாஸ் அழகானது. கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்ற இறுகும் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டும்போது, சுவரின் எந்த மூலைக்கும் மடிப்பே இல்லாமல் பொருந்தும். ஆனால் அது விறைப்பானது. ஓரிரண்டு சதவீதத்துக்கு மேல் நீளாது. சுவரோடு இறுக்கமாக ஒட்டியிருப்பதால் சுவர் பிளந்தால் அதுவும் பிளக்க வாய்ப்பு அதிகம். ஈரச் சுவரில் ஒட்டினால் கொப்பளித்துக்கொண்டு வரும். ரெசின் முழுதாக இறுகாவிட்டால் அதிலுள்ள ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளின் வாடை அடிக்கும். அந்த வாடை இருக்கும்வரை மீனை விடவே கூடாது. நகராத, கம்பி நன்றாகக் கட்டிய சுவருக்கு ஃபைபர் கிளாஸ் நல்ல தோல். தெளிக்கும் பாலியூரியா பூச்சு நொடிகளில் இறுகும், ரப்பர் போல நீளும், விரிசலைப் பாலம் போலக் கடந்து நிற்கும். ஆனால் சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தெளிப்பவருக்குக் கை தேர்ந்திருக்க வேண்டும்.

பெரிய குளத்துக்கு நான் முதலில் நினைப்பது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்பைத்தான். சாதாரண ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். காற்றிலுள்ள ஓசோன் அந்த இடங்களைத்தான் வெட்டும். பழைய டயரில் வெடிப்பு விழுவது அப்படித்தான். ஈபிடிஎம்மின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. கந்தகத்தோடு பிணைத்து இறுக்கத் தேவையான கொஞ்சமும் பக்கக் கிளைகளில் இருக்கும்; அங்கே வெட்டுப்பட்டாலும் சங்கிலி அறாது. அதில் கலக்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொள்கிறது. அதனால்தான் அது பல பத்தாண்டு வெயிலில் கிடந்தாலும் நொறுங்குவதில்லை. இழுத்தால் தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீளும். சுவரில் மயிரிழை விரிசல் விட்டால் அதற்குத் தெரியவே தெரியாது.

மலிவான பிவிசி விரிப்பின் கதை வேறு. பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை நெகிழவைக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். ஆண்டுகள் போகப் போக அது வெளியேறிவிடும். முதலில் விறைப்பது நீர்மட்டத்துக்கு மேலே வெயில் படும் விளிம்பு.

விரிப்பு எவ்வளவு வேண்டும் என்றால், நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழமும் இரண்டு கரைகளுக்கான மிச்சமும் சேர்க்க வேண்டும். நமது குளத்துக்கு, கரைக்கு 30 செ.மீ. விட்டால், 9.6 மீட்டருக்கு 7.6 மீட்டர். 1 மி.மீ. கனத்தில் 90 கிலோ அளவுக்கு வரும், நாலைந்து பேர் சேர்ந்துதான் விரிக்க முடியும். செங்குத்துச் சுவரில் மூலைகளில் பெரிய மடிப்புகள் விழும். அந்த மடிப்புக்குள் மலமும் மிச்சத் தீனியும் போய் அழுகும். கோய் குளத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. அளவெடுத்துப் பெட்டி வடிவில் ஒட்டி வரும் விரிப்பு இதைத் தீர்க்கும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: விரிப்பு எதையும் தாங்குவதில்லை. தன் மேல் விழும் ஒவ்வொரு கிலோவையும் பின்னால் இருப்பதிடம் தள்ளிவிடுகிறது. அடியில் ஒரு கூர்க்கல் இருந்தால், தண்ணீர் தன் அழுத்தத்தோடு பல ஆண்டுகள் விரிப்பை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். ஜியோடெக்ஸ்டைல் என்ற கனமான செயற்கை இழைத் துணியை அடியில் போடாமல் விரிப்பை விரிக்கக் கூடாது. வீட்டுக் கூரைக்கென்று விற்பதை வாங்காமல், மீனுக்குப் பாதுகாப்பானது என்று தயாரிப்பாளர் சொல்லும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

களிமண் வேண்டாம். நீகாட்டாவில் மீன்களைப் பெருக்கவும் வளர்க்கவும் மண் குளங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள், அங்கே அது சரி. ஆனால் கெண்டை தரையை வாயால் கிளறித் தின்னும் மீன். நீங்கள் கரையில் உட்கார்ந்து பார்க்க நினைத்தால் கலங்கிய தண்ணீர்தான் தெரியும்.

அப்புறம் மூன்றாவது கேள்வி, தண்ணீரைத் தொடுவது எது என்பது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், மீன் சாவது இங்கேதான். சிமென்ட் இறுகும்போது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, உண்டாகிறது. துளைகளில் உள்ள ஈரத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 12-க்கு மேல் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்). பூச்சில்லாத புதிய கான்கிரீட் குளத்தில் இது மெல்லத் தண்ணீரில் கரைந்து பிஎச்சை ஏற்றும். கோய்க்கு 7 முதல் 8.5 வரை வசதி. ஏறிய பிஎச் தானாகவே கெடுதல். அதைவிடப் பெரிய ஆபத்து அம்மோனியா. மீன் தன் கழிவைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் செவுளைக் கடந்து போவது கடினம். மின்னேற்றமில்லாத அம்மோனியா சுலபமாக உள்ளே நுழைந்துவிடும், அதுதான் நஞ்சு. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதம்தான் நச்சு வடிவம். பிஎச் 8-இல் 5 சதவீதம். பிஎச் 9-இல் 36 சதவீதம். மீன் அதேதான், கழிவு அதேதான். சுவர் தண்ணீரின் பிஎச்சை இரண்டு படி ஏற்றினால் நஞ்சு 60 மடங்குக்கு மேல் ஆகிறது.

அமிலம் தெளித்துக் கழுவினால் சரியாகிவிடும் என்று நினைப்பதுண்டு. அது மேற்பரப்பில் உள்ள சுண்ணாம்பை மட்டும் தீர்க்கும். உள்ளேயிருந்து மறுபடி ஊறி வரும். கசியாத ஒரு தோலை மேலே போடுவதே நிலையான வழி. பூச்சில்லாமல்தான் விடுவேன் என்றால், நிரப்பி, சில நாள் வைத்து, வடித்து, திரும்ப நிரப்பி, குளத்து நீரின் பிஎச்சும் நிரப்பிய மூல நீரின் பிஎச்சும் ஒத்துவரும் வரை செய்ய வேண்டும். உங்கள் தண்ணீர் மென்னீராக, அதாவது உப்புகள் குறைவாகக் கரைந்த நீராக, இருந்தால் இன்னும் நாளாகும்.

உலோகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பு மீனின் செவுளில் சோடியம் உள்ளே எடுக்கும் வழியை அடைத்துவிடும். மென்னீரில் இன்னும் மோசம். துத்தநாகமும் நல்லதல்ல. அதனால் செம்புக் குழாய், பித்தளை வால்வு, துத்தநாகம் பூசிய இரும்பு எதுவும் தண்ணீரில் நனையக் கூடாது. அலங்காரக் கல் வைக்க ஆசை இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். கூர்விளிம்புக் கல் எதுவானாலும் வேண்டாம், அரிப்பு எடுத்தால் கோய் அதில்தான் உடம்பைத் தேய்க்கும்.

கடைசியாக, அடிவடிகால். தரையின் நடுவில் பதிக்கும் 110 மி.மீ. குழாய்தான் கழிவை வடிகட்டிக்குக் கொண்டுபோகிறது. கான்கிரீட் விழுந்த பிறகு அதைத் தொட முடியாது. தரை வார்க்கும் முன்பே சரிவோடு படுக்க வைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மூட்டுகளைச் சோதித்துவிட்டுத்தான் மூட வேண்டும். எந்தத் தோலாக இருந்தாலும் குழாய் துளைத்து வரும் இடமே அதன் பலவீனம்.

குளம் நிறைந்த பிறகு மட்டம் இறங்கினால் பதற வேண்டாம். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துக்குள் படியில் வைத்து, வாளியிலும் குளத்திலும் மட்டத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அருவியும் மோட்டாரும் ஓடக் கூடாது, மழையும் பெய்யக் கூடாது. இரண்டு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயிலும் காற்றும் குடித்த தண்ணீர். குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால், மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, தானாக எந்த மட்டத்தில் இறக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இருக்கும்.