மூக்கை ஏமாற்றும், குடலைத் தளர்த்தும்

சளி பிடித்த இரவில் தைலத்தைத் தடவிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தால், அடைத்த மூக்கு திறந்துகொண்டதுபோல இருக்கும். உண்மையில் அது திறப்பதே இல்லை. மூக்கு வழியாகக் காற்று எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்தார்கள். அடைப்பு குறையவில்லை, சுவாசம் லேசானதாகத் தோன்றியது மட்டும்தான் மாற்றம்.

இது புதினா எண்ணெயில் இருக்கும் மெந்தாலின் வேலை. மூக்கிலும் தோலிலும் உள்ள நரம்பு நுனிகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. குளிர் பட்டால் திறக்கும் சின்னக் கதவு அது. மெந்தால் பட்டாலும் அதே கதவு திறக்கும். கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய, குளிர்காற்று வருவதாக மூளைக்குச் செய்தி போகும். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் என்ற இரு விஞ்ஞானிகளின் குழுக்களும் தனித்தனியாக 2002இல் இதைக் கண்டறிந்தன. சூட்டையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கைக்குழந்தைகளிடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். மூக்கருகே மெந்தால் தடவினால் குரல்வளை இறுகி மூச்சே தடைப்படலாம்.

குடலில் நடப்பது ஏமாற்று அல்ல. குடல் தசை சுருங்குவதற்குக் கால்சியம் செல்லுக்குள் நுழைய வேண்டும். மெந்தால் அந்த வழியை மறிக்கிறது, தசை தளர்கிறது. அடிக்கடி வயிற்றைப் பிசைந்து, வலியும் உப்புசமுமாகப் படுத்தும் ஐபிஎஸ் என்ற குடல் கோளாறுக்கு மருத்துவர்கள் புதினா எண்ணெய் கேப்ஸ்யூல் தருவது இதனால்தான். இரைப்பையில் கரையாதபடி அதற்குத் தனி உறை உண்டு. அங்கேயே கரைந்துவிட்டால், உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையமும் சேர்ந்து தளர்ந்து, அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். கேப்ஸ்யூலைக் கடிக்காமல் முழுதாக விழுங்கச் சொல்வதும் இதற்காகவே.

தலைவலியிலும் புதினா எண்ணெய்க்கு ஒரு பங்கு உண்டு. ஜெர்மனியில் ஆல்கஹாலில் 10 சதவீதம் புதினா எண்ணெய் கலந்து நெற்றியில் தடவுகிறார்கள். இறுக்கத்தால் வரும் சாதாரணத் தலைவலிக்குத்தான் அது.

சரி, வீட்டுப் புதினாவை அரைத்துச் சாப்பிட்டால் இதெல்லாம் கிடைக்குமா? நம் சந்தையில் விற்பது பெரும்பாலும் வேறு வகைப் புதினா. அதில் மணப்பது கார்வோன் என்ற வேறொரு பொருள். மெந்தால் மிகக் குறைவு. தைலங்களுக்கான மெந்தால் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வயல்களில் விளையும் இன்னொரு புதினாவிலிருந்து வருகிறது. சட்னிப் புதினா சட்னிக்குத்தான்.